அனுபவக் கடிதம் போதாது என்று வெளிநாட்டு எலக்ட்ரீஷியன் உரிம விண்ணப்பம் திரும்பி வந்தால்

மறுபடி படிக்கப் போக வேண்டாம். முதலில் கடிதத்தை மாற்றி வாங்குங்கள். "எட்டு ஆண்டுகள் எலக்ட்ரீஷியனாகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்" என்று மட்டும் இருப்பதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். நன்னடத்தையை வைத்து உரிமம் வழங்கும் அலுவலகத்தார் என்ன செய்வார்கள்?

அவர்கள் கேட்கும் பணிகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, உங்கள் கடிதத்தை வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். கான்டூயிட் (கம்பிகள் செல்லும் குழாய்) பதித்தல், பேனல் இணைப்பு, மோட்டார் கட்டுப்பாடு, எர்த்திங், இன்சுலேஷன் சோதனை என ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய எத்தனை மணி நேரம், வீட்டிலா தொழிற்சாலையிலா, எத்தனை வோல்ட் என்பது இருக்க வேண்டும். கையெழுத்திட்டவரின் பதவியும் தொடர்பு எண்ணும் கட்டாயம். நிறுவனம் மூடப்பட்டிருந்தால், பழைய மேற்பார்வையாளரின் உறுதிமொழிக் கடிதத்தோடு சம்பளச் சீட்டுகளையும் சேர்த்து, அது ஏற்கப்படுமா என்று எழுதிக் கேளுங்கள்.

கடிதம் ஏற்கப்பட்டாலும் பெரும்பாலும் தேர்வு உண்டு. அங்கே அனுபவமே காலை வாரும்: பழைய பிரிட்டிஷ் முறையில் கருப்பு நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி), வட அமெரிக்காவில் அதே கருப்பு லைவ் (மின்னழுத்தமுள்ள) கம்பி. உள்ளூர் விதிநூலை வாங்கிப் படியுங்கள்.

ஒன்று கவனம்: கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் விதிகள் மாகாணத்துக்கு மாகாணம், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உரிமம் கைக்கு வரும்வரை தனியாக வேலை எடுக்காதீர்கள்.