மெடல் வராவிட்டாலும் மைதானத்தில் வேலை இருக்கிறது

மகள் எந்நேரமும் மைதானத்திலேயே கிடக்கிறாள், இதில் பெரிய ஆளாக வருவாளா தெரியவில்லை, படிப்பும் போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயம்தான். ஆனால் மெடல் வாங்கவில்லை என்றால் அத்தனையும் வீண் என்று முடிவு கட்டிவிட்டீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. போட்டியை நடத்துவதிலேயே எத்தனையோ வேலைகள் இருக்கின்றன.

எந்த ஊருக்கும் பெரிய போட்டி தானாக வந்து சேர்வதில்லை, யாரோ அலைந்து கேட்டு வாங்குகிறார்கள். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் இதற்கென்றே 1979-ல் தனி அமைப்பு தொடங்கி, 1987-ல் வட, தென் அமெரிக்க நாடுகள் மோதும் பான் அமெரிக்கன் போட்டிகளை நடத்தி, 1999-ல் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலைமையகத்தையே தன் ஊருக்கு இழுத்துக்கொண்டது. இதற்கெல்லாம் ஓடத் தெரிந்தால் போதாது. ஹோட்டல் அறை, பஸ், ஸ்பான்சர், ஒப்பந்தம், பாதுகாப்பு என்று பார்க்க ஆள் வேண்டும்.

மைதானத்துக்குள்ளேயும் அப்படித்தான். ஓடுவதற்கு முன் வீரர்களைக் கூப்பிட்டுச் சேர்க்கும் அறையில் (call room) ஒருவர் ஸ்பைக்ஸ் என்கிற ஆணி வைத்த ஷூவையும் நம்பரையும் சரிபார்ப்பார். 100 மீட்டரில் பின்காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனை கணக்கில் வராது, அதை அளக்க ஒருவர். முடிவுக் கோட்டில் எடுக்கும் போட்டோ பினிஷ் படத்தில் தலையும் கையும் முந்தினால் செல்லாது, மார்பு எப்போது கோட்டைத் தொட்டது என்று கோடு போட்டுச் சொல்ல இன்னொருவர். ஓடிப் பழகிய பிள்ளைக்கு இதெல்லாம் சட்டென்று பிடிபடும். நடுவர் வேலைக்குத் தடகளச் சங்கங்களே பயிற்சியும் தேர்வும் வைக்கின்றன, ஆனால் அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, கூடவே ஒரு தொழில் வேண்டும்.

அப்புறம், எந்த ஊரில் வேலை தேடுவது என்பதும் முக்கியம். லாஸ் ஏஞ்சல்ஸ் 1984 ஒலிம்பிக்கில் மிஞ்சிய பணத்தில் ஒரு பங்கை வைத்து அறக்கட்டளை தொடங்கி, இன்றுவரை சிறுவர் விளையாட்டுக்குக் கொடுத்துவருகிறது. கனடாவின் மாண்ட்ரியலோ 1976-ல் ஒலிம்பிக் நடத்திவிட்டு 2006 வரை கடனை அடைத்தது. போட்டி முடிந்த மறுவாரம் அந்த டிராக்கில் பிள்ளைகளை ஓட விடுகிறார்களா, பூட்டிவிடுகிறார்களா என்று பாருங்கள், பிள்ளைகளை ஓட விடுகிற ஊரில்தான் கோச்சுக்கும் பிசியோவுக்கும் வருடம் முழுக்க வேலை இருக்கும்.

படிப்பா? பன்னிரண்டாவது முடித்ததுமே விளையாட்டு மேலாண்மையில் சேர்க்க நான் அவசரப்பட மாட்டேன். வணிகவியல், பிசியோதெரபி, புள்ளியியல் என்று வேறு இடத்திலும் சோறு போடும் ஒன்றைப் படிக்கட்டும், மேலாண்மையை முதுகலையில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த விடுமுறையில் அருகில் நடக்கும் ஏதாவது ஒரு போட்டிக்குத் தன்னார்வலராக அனுப்புங்கள். திரும்பி வந்ததும் எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை என்று கேட்டு எழுதுங்கள், பாடப்பிரிவை அதற்குப் பிறகு பேசுவோம்.