தூக்கத்திலும் வியர்க்கிறதா?

வியர்வை என்றாலே எல்லோரும் ‘எவ்வளவு’ என்பதில்தான் ஆரம்பிப்பார்கள். சட்டை தொப்பலாகிறது, பெட்ஷீட்டைப் பிழியலாம் என்று. சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்றால் எனக்கும்தான் முதுகு நனையும், அது பேச்சே இல்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில், கூடவே வேறு என்ன என்பதுதான் தோல் டாக்டரான எனக்குத் தெரிய வேண்டும். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

எனக்கு 21 வயது. எட்டாம் வகுப்பிலிருந்தே உள்ளங்கை வியர்க்கும். பரீட்சையில் கைக்கு அடியில் கர்ச்சீப் வைத்துத்தான் எழுதுவேன். ரேஷன் கடையில் கைரேகை விழுவதில்லை. சத்துக் குறைவா? (கல்லூரி மாணவி, திருச்சி)

சத்துக் குறைவும் இல்லை, பயந்த சுபாவமும் இல்லை. ஈர விரலை மெஷின் படிக்காது. ‘இன்னொரு தடவை வைம்மா’ என்று கடைக்காரர் சொல்ல, பின்னால் வரிசை முணுமுணுக்க, கை இன்னும் ஊறும். இந்தத் தொந்தரவின் குணமே அதுதான். நம் உடம்பில் 20 முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உண்டு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை மிக நெருக்கமாக இருக்கின்றன. உங்கள் சுரப்பிகளில் கோளாறு இல்லை. நரம்பு வழியாக அவற்றுக்குப் போகும் உத்தரவுதான் அளவு மீறுகிறது. 25 வயதுக்குள் ஆரம்பித்து, இரண்டு கையிலும் ஒரே மாதிரி இருந்து, தூங்கும்போது நின்றுவிட்டால் பெரும்பாலும் டெஸ்ட் எதுவும் தேவைப்படாது. அப்பாவுக்கோ அத்தைக்கோ இருந்ததா என்றும் கேட்டுப் பாருங்கள்.

முதல் மருந்து 20 சதவீத அலுமினியம் குளோரைடு லோஷன். படுக்கும் முன் கை நன்றாகக் காய்ந்த பிறகு பூசி, காலையில் கழுவ வேண்டும். பகலில் ஈரக் கையில் பூசிவிட்டு, ‘எரிந்தது டாக்டர், விட்டுட்டேன்’ என்று வருகிறவர்கள் நிறைய. சலூனில் ஷேவிங் முடிந்ததும் தேய்க்கிற படிகாரமும் ஓர் அலுமினிய உப்புதான், ஆனால் உங்கள் கைக்கு அது போதாது. லோஷன் கேட்கவில்லை என்றால் அயன்டோஃபோரசிஸ் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் ஊற்றிய தட்டில் கையை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்துவார்கள். 20 முதல் 30 நிமிடம், தொடக்கத்தில் வாரம் மூன்று தடவை. கர்ப்பிணிகளுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் இது கூடாது. போடாக்ஸ் ஊசியும் உண்டு. சில மாதங்கள் தாங்கும். செலவு அதிகம், உள்ளங்கையில் வலியும் அதிகம்.

ஆபரேஷன் செய்தால் ஒரேயடியாக நின்றுவிடுமாமே? (26 வயது, சேலம்)

கை காய்ந்துவிடும், உண்மைதான். மார்புக்குள் சிறு கேமராவை விட்டு, கைக்கு வியர்வை உத்தரவைக் கொண்டுபோகும் சிம்பதெடிக் நரம்பைத் துண்டிப்பார்கள், அல்லது கிளிப் போடுவார்கள். ஆனால் கையில் நின்ற வியர்வை முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் கிளம்புவது பலருக்கு நடக்கிறது. கர்ச்சீப்போடு சமாளித்தவர் ஒரு நாளைக்கு மூன்று சட்டை மாற்றும்படி ஆகலாம். வெட்டியதைப் பழையபடி ஆக்கிவிடலாம் என்றும் நம்ப முடியாது. மற்ற வழிகள் எல்லாம் தோற்ற பிறகு யோசியுங்கள்.

எத்தனை டியோடரன்ட் மாற்றினாலும் அக்குள் நனைகிறதே?

டியோடரன்ட் வாடைக்குத்தான். ஈரம் குறைய, டப்பாவில் ‘ஆன்டிபெர்ஸ்பிரன்ட்’ என்று போட்டிருக்க வேண்டும்.

கணவருக்கு 45 வயது, லாரி ஓட்டுகிறார். ஒரு மாதமாக ராத்திரி பனியன் நனைய வியர்க்கிறது. சாயங்காலம் மேல் கதகதவென்று இருக்கும். இருமலும் உண்டு; பீடி இருமல் என்கிறார். பேன்ட் தொளதொளத்துவிட்டது. உடம்புச் சூடு என்று இளநீர் கொடுக்கிறேன். (நாமக்கல்)

இளநீர் இருக்கட்டும், நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு என்று நான்கும் சேர்ந்தால் முதலில் காசநோயைத்தான் பார்க்க வேண்டும். சளிப் பரிசோதனையும் மாத்திரையும் அங்கே இலவசம். வழக்கமான மாத்திரைக்குக் கட்டுப்படும் நுரையீரல் காசநோய் என்றால் பெரும்பாலும் 6 மாதத்தில் சிகிச்சை முடியும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். சிலவகைப் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும்.

வயது 49. திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறி, ஃபேனுக்கு அடியிலேயே வியர்க்கிறது.

மாதவிடாய் நிற்கும் காலத்து வியர்வையாக இருக்க வாய்ப்பு அதிகம். தாங்க முடியவில்லை என்றால் மருந்து உண்டு. படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது இருந்தால் தைராய்டு பார்த்துவிடுங்கள். சமீபத்தில் மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை, பி.பி. இரண்டுக்கும் மாத்திரை. விடிகாலை மூன்று மணிக்கு வியர்த்து எழுந்து ஏதோ உளறுகிறார். (மதுரை)

லோ சுகராக இருக்கலாம். ராத்திரி மாத்திரையைப் போட்டுவிட்டு ஒரு இட்லியோடு படுத்துவிடுகிறாரா என்று பாருங்கள். பி.பி. மாத்திரைகளில் ஒரு வகை படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும்தான் அடையாளமாக மிஞ்சும். அடுத்த தடவை உடனே விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70க்குக் கீழ் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108க்குப் போன் செய்யுங்கள். டோஸை மாற்ற வேண்டியவர் அவருடைய டாக்டர். அந்த வாரமே போங்கள்.

என் வயது 54. போன ஞாயிறு மட்டன் சாப்பிட்டு மாடி ஏறியபோது குபுகுபுவென்று குளிர்ந்த வியர்வை. நடு நெஞ்சில் கல் வைத்த மாதிரி பாரம். சோடா குடித்தேன், அரை மணியில் சரியாகிவிட்டது. வாயுதானே? தோல் டாக்டரைப் பார்க்கலாமா?

என்னைப் பார்க்க வேண்டாம். இது தோல் சமாச்சாரமே இல்லை, மாரடைப்பின் முன்னோட்டமாக இருக்கலாம். இன்றைக்கே ஈசிஜி எடுங்கள். அது நார்மல் என்றாலும் மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையையும் முடித்துக்கொண்டே வீடு திரும்புங்கள். மறுபடி வந்தால் சோடா தேடாமல் 108ஐ அழையுங்கள். பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.