வாட்ஸ்அப்பில் வரும் கோப்பும் இன்னொரு கடையும்

வணக்கம் ஐயா,

எங்கள் தோட்ட லயத்தில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு, கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஓர் ஏபிகே கோப்பு (போனில் செயலியைப் போடும் கோப்பு) வந்தது. திறந்தார். வங்கியில் இருந்த பணம் போய்விட்டது. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன், தோட்டத்துப் பிள்ளைகளுக்காகத் தமிழில் வாய்ப்பாட்டுச் செயலி ஒன்று செய்திருக்கிறான். அதையும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறான். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆண்ட்ராய்டு போனில் செயலி போடுவதைக் கூகுள் கட்டுப்படுத்தப் போகிறதாமே? நல்லதுதானே என்றால் சண்டைக்கு வருகிறான். யார் சொல்வது சரி?

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள க.,

அக்காவுக்கு நடந்ததைக் கேட்டு மனசு கனத்துவிட்டது. மலேசியாவில் இப்படி ஏமாந்தவர்கள் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழைக்க வேண்டும். லயத்தில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

இந்த மாதிரிக் கோப்பு திறந்ததும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். நாம் அவசரத்தில் 'சரி' என்று தட்டிவிடுவோம். அப்புறம் வங்கிப் பக்கம் போலவே ஒன்றைக் காட்டி, கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளும். பணம் போவதை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் ஒருமுறை எண், அதாவது டேக் எண், நம் கண்ணில் படுவதற்குள் திருடன் கைக்குப் போய்விடும். குறுஞ்செய்தி வழி டேக் எண் அனுப்புவதைக் கைவிடும்படி நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022-இல் வங்கிகளிடம் சொன்னதே இதனால்தான்.

கூகுளின் திட்டம் 2025 ஆகஸ்ட்டில் வெளிவந்தது. செயலி செய்பவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிந்தால்தான் சாதாரண ஆண்ட்ராய்டு போனில் அந்தச் செயலியைப் போட முடியும். பிளே ஸ்டோருக்கு வெளியே கொடுத்தாலும் இதே விதி. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து என்று தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் என்றார்கள். நம்மைச் சுற்றியிருக்கும் மூன்று நாடுகள் முதல் வரிசையில்! எதிர்ப்பு கிளம்பிய பிறகு, மாணவர்களுக்குத் தனிக் கணக்கு, விவரம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி என்று கொஞ்சம் இறங்கி வந்தார்கள். உங்கள் மகனுக்கு அந்த மாணவர் கணக்கு உதவலாம். ஆனால் அதில் குறைந்த எண்ணிக்கையிலான போன்களுக்கு மட்டுமே கொடுக்க முடியும்.

என் பயம் வேறு. ஊர் பேர் தெரியாமல் வாட்ஸ்அப்பில் வந்து விழும் கோப்பையும், ஒழுங்காக நடக்கும் இன்னொரு செயலிக் கடையையும் இந்த விதி ஒரே தட்டில் வைக்கிறது. 2010 முதல் நடக்கும் எஃப்-டிராய்டு என்ற செயலிக் கடையைப் பாருங்கள். அங்கே செயலியின் மூலநிரல், அதாவது செயலியை உருவாக்க எழுதிய நிரல், எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். அந்த நிரலிலிருந்து செயலியை அவர்களே கட்டி, பெரும்பாலும் தங்கள் மின்னணுச் சாவியாலேயே கையொப்பமிட்டுத் தருகிறார்கள். நிரலில் திருட்டு வேலை இருந்தால் யார் வேண்டுமானாலும் படித்துக் கண்டுபிடிக்கலாம். எழுதியவர் ஒருவர், கையொப்பமிடுபவர் இன்னொருவர் என்பதால் புதிய பதிவு முறை இதற்குப் பொருந்தவில்லை. இது வந்தால் நாங்கள் இல்லை என்று அவர்களே அறிவித்தார்கள். விளம்பரம் இல்லாத, யாரையும் வேவு பார்க்காத சின்னச் செயலிகளுக்கு அதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது கடை நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 2019-இல் அமெரிக்கத் தடை வந்தபின் புதிதாக வெளிவந்த ஹுவாவே போன்களில் பிளே ஸ்டோர் கிடையாது, ஹுவாவேயின் சொந்தக் கடையான ஆப்கேலரிதான். நம் வங்கிகள் சிலவும் அங்கே செயலி வைத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் வந்ததால் 2024 மார்ச்சிலிருந்து ஐபோனிலேயே வேறு கடைகளுக்கு இடம் கிடைத்தது. நம் அரசும் இந்தத் திசையில் யோசிக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஆக, பயப்படுவதில் உங்கள்மேல் தப்பே இல்லை. தம்பி சண்டை போடுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றை அவர் இன்றே மாற்றிக்கொள்ள வேண்டும்: வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்புவதை நிறுத்தட்டும். பிள்ளைகள் நல்ல கோப்பை அப்படித் திறந்து பழகினால், நாளை கெட்ட கோப்பையும் அதே கையால் திறப்பார்கள். வாய்ப்பாட்டுச் செயலியின் நிரலைப் பொதுவில் வைத்து எஃப்-டிராய்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதட்டும், கூட உட்கார்ந்து செய்து தருகிறேன்.