வானத்தைப் படமெடுக்க எதை வாங்கலாம், எதை விடலாம்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் அந்தி வானம், கருமேகம், மின்னல் என்று ஒரே பக்கமாகச் சுற்றி வந்ததால் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். எந்த வானத்தை எடுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் வாங்கும் சாமான் பெரும்பாலும் அலமாரியில்தான் கிடக்கும். அஸ்தமனத்துக்கு வேண்டியது வேறு, இடிமேகத்துக்கு வேண்டியது வேறு. விற்பவர் இதைக் கேட்கமாட்டார், அதனால் பதில்களில் அதையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

கேள்வி: சூரியன் மறையும்போது கண்ணுக்குத் தெரியும் சிவப்பு போன் படத்தில் வருவதே இல்லை, வெளிறிப் போய்விடுகிறது. நல்ல கேமரா வாங்கினால் சரியாகிவிடுமா?

வாங்குவதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்துவிடுங்கள், ஏனென்றால் இதே இரண்டும் விலை உயர்ந்த கேமராவிலும் அப்படியே நடக்கும். முதலாவது ஆட்டோ வைட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறத்தைக் கேமராவே சரிசெய்யும் வசதி. செவ்வானத்தைப் பார்த்ததும் "இங்கே வெளிச்சம் மஞ்சளாக இருக்கிறது, சரிசெய்ய வேண்டும்" என்று அது நிறத்தைக் குறைத்துவிடும். போனில் ப்ரோ மோடு இருந்தால் வைட் பேலன்ஸை 5,500 கெல்வின் பக்கத்தில் நிறுத்திவையுங்கள், கேமராவில் பகல் வெளிச்சம் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, தரை இருட்டாக இருக்கிறதே என்று படம் முழுவதையும் வெளிச்சமாக்குவது. அதில் முதலில் அடிபடுவது வானம்தான். திரையில் வானத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டி, கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு எடுங்கள். சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். உயரத்தில் மெல்லிய மேகம் இருந்தால் அதன் அடிப்பக்கம் சிவப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை, பெரிதாக அச்சிட வேண்டும், இருட்டான தரையிலிருந்து விவரம் எடுக்க வேண்டும் என்றால் கேமரா வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அதுவும் புத்தம் புது மாடல் தேவையில்லை. சில வருடம் பழைய, மாற்று லென்ஸ் போடக்கூடிய கேமராவில் 14 பிட் ரா ஃபைல் (படம் பதியும் சென்சார் தருவதை மாற்றாமல் வைக்கும் கோப்பு) கிடைத்தால் வானத்துக்கு அது தாராளம். வாங்கிய அன்றே ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடத்தை, சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகக் காட்டும்படி மாற்றிவிடுங்கள். அந்தி வானத்தில் முதலில் நிரம்பி வழிவது சிவப்பு. மொத்த ஹிஸ்டோகிராம் சரியாக இருப்பதாகக் காட்டும்போதே சிவப்பு போயிருக்கும், அப்புறம் எந்த மென்பொருளும் அதைத் திருப்பித் தராது.

கேள்வி: கேமராவோடு ஒரு ஃபில்டர் செட்டும் தருகிறோம் என்கிறார்கள். யூவி, போலரைசர், என்டி, அப்புறம் பாதி கறுப்பாக, பாதி தெளிவாக இருக்கும் ஒன்று. வாங்கலாமா?

செட்டாக வேண்டாம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

யூவி ஃபில்டர் வானத்துக்கு எதுவும் செய்யாது. சென்சார் முன்னால் இருக்கும் கண்ணாடியே அந்த வேலையைப் பார்த்துவிடுகிறது. உப்புக்காற்றிலும் மணல் காற்றிலும் லென்ஸைக் காப்பாற்றும், அதற்காகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சூரியன் ஃப்ரேமுக்குள் வந்ததும் கழற்றிவிடுங்கள். லென்ஸ் முன்னால் தட்டையான கண்ணாடி ஒன்று கூடினால், சூரியனுக்கு நேரெதிர் மூலையில் பச்சையாக ஒரு புள்ளி வந்து உட்கார அதுவே போதும்.

போலரைசர், அதாவது பளபளப்பைக் குறைத்து நீல வானத்தைக் கருமையாக்கும் ஃபில்டர், நல்ல பொருள், ஆனால் அஸ்தமனத்துக்கான பொருள் இல்லை. சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியிருக்கும் வானத்தில்தான் அது முழு வேலை செய்யும். சூரியனையே பார்த்து எடுக்கும்போது ஒன்று, ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்பதோடு சரி (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). பகலில் நீல வானம், வெள்ளை மேகம், ஈரப் பாறை, இலைகள் என்றால் கண்டிப்பாக வாங்குங்கள். 24 மில்லிமீட்டருக்கும் அகலமான லென்ஸில் (எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகப் பார்க்கும்) மட்டும் கவனம், வானத்தின் ஒரு பகுதி மட்டும் திட்டாகக் கறுத்துப்போகும்.

பாதி கறுப்பான அந்த கிராஜுவேட்டட் ஃபில்டர் அந்தி வானத்துக்கென்றே வந்தது, தரையை விட்டுவிட்டு வானத்தை மட்டும் இருட்டாக்கும். ஆனால் திருகிப் போடும் வட்ட ஃபில்டராக அதை வாங்காதீர்கள், ஏனென்றால் கறுப்பு முடியும் கோடு எப்போதும் நட்டநடுவில்தான் நிற்கும், உங்கள் அடிவானம் நடுவில் இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன? ஹோல்டரில் மேலே கீழே நகர்த்தக்கூடிய சதுர ஃபில்டர்தான் உதவும். 0.6 என்றால் 2 ஸ்டாப், 0.9 என்றால் 3 ஸ்டாப். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 0.9, விளிம்பு மெதுவாகக் கரையும் வகை. கடலைத் தவிர வேறு எங்கேயும் அடிவானம் நேர்கோடாக இருப்பதில்லை, கூர்மையான விளிம்பு வகையில் மலை உச்சியோ மரத்தின் தலையோ பாதி கறுத்து நிற்கும்.

என்னைக் கேட்டால் இதைக்கூடத் தள்ளிப்போடலாம். கேமராவில் பிராக்கெட்டிங் இருக்கும், ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் அடுத்தடுத்து எடுக்கும் வசதி அது. 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்துக் கணினியில் சேர்த்தால் ஏறக்குறைய அதே பலன், செலவும் இல்லை. காற்றில் ஆடும் புல்லும் ஓடும் அலையும் நிறைய இருக்கும் இடத்தில்தான் சேர்ப்பது சிக்கல், அங்கே ஃபில்டர் ஜெயிக்கும்.

வெறும் என்டி ஃபில்டர் முழுவதும் ஒரே அளவில் கறுப்பானது, ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்து மேகத்தை இழுத்தது போலக் காட்ட உதவும். திருப்பித் திருப்பி இருட்டைக் கூட்டும் வேரியபிள் என்டி இருக்கிறதே, அது இரண்டு போலரைசர் சேர்ந்தது, அகல லென்ஸில் முழு இருட்டுக்குப் போனால் வானத்தில் பெருக்கல் குறி போல ஒரு கறை விழும். நிலக்காட்சிக்கு அளவு மாறாத என்டி போதும்.

கேள்வி: வானத்துக்கு அகல லென்ஸ்தானே? 14-24 மில்லிமீட்டர் எஃப்/2.8 வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்சம் பொறுங்கள். தலைக்கு மேல் கருமேகம் சுவர் மாதிரி உருண்டு வருகிறது என்றால் அகல லென்ஸ்தான், சந்தேகமே இல்லை. ஆனால் 12 கிலோமீட்டர் உயர இடிமேகம் 50 கிலோமீட்டர் தள்ளி நின்றால் கண்ணுக்கு அது சுமார் 13 டிகிரி உயரம்தான் தெரியும். ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சார் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸ், கேமராவைப் படுக்கைவாட்டில் பிடித்தால், 53 டிகிரி உயரம் பார்க்கும். அவ்வளவு பெரிய மேகம் படத்தில் கால் பங்குக்கு ஒடுங்கிவிடும். சூரியன் இன்னும் மோசம்: லென்ஸின் மில்லிமீட்டரை 110-ஆல் வகுத்தால் சென்சார் மேல் விழும் சூரியனின் விட்டம் ஏறக்குறைய கிடைத்துவிடும். 24-இல் கால் மில்லிமீட்டர்கூட இல்லை, 400-இல் மூன்றரைக்குச் சற்று மேல். மலை முகட்டில் பெரிய சிவப்பு வட்டம் வேண்டும் என்றால் நீங்கள் தேடுவது தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸ்.

அப்புறம் அந்த எஃப்/2.8. லென்ஸின் துளை (அபர்ச்சர்) எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்லும் எண் அது, எண் சின்னதானால் துளை பெரிது. ட்ரைபாடில் வைத்து எஃப்/8, எஃப்/11 என்று எடுக்கப் போகிறீர்கள், எஃப்/4 லென்ஸ் எடையிலும் விலையிலும் பாதியாக வந்தாலும் ஆச்சரியமில்லை. நட்சத்திரங்களும் எடுப்பேன் என்றால் மட்டும் 2.8. டெலி வாங்கினால் ஓர் எச்சரிக்கை: சூரியன் அடிவானத்துக்கு மேல் பளிச்சென்று இருக்கும்போது ஆப்டிகல் வ்யூஃபைண்டர் (லென்ஸ் காட்டுவதைக் கண்ணால் நேரடியாகப் பார்க்கும் துவாரம்) வழியாகப் பார்க்கவே பார்க்காதீர்கள், கண் போய்விடும். உள்ளே சென்சாரை மறைக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவைச் சூரியன் பக்கம் திருப்பியபடி ட்ரைபாடில் விட்டுவிட்டுப் போவதும் கூடாது, உள்ளே பொசுங்கும். மூடி எதற்கு இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

கேள்வி: மின்னல் எடுக்க லைட்னிங் ட்ரிகர் என்று விற்கிறார்கள். நிஜமாகவே வேலை செய்யுமா, ஏமாற்றா?

வேலை செய்யும். ஆனால் எப்போது என்று தெரிந்து வாங்குங்கள். ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் உட்கார்ந்து, வெளிச்சம் திடீரென்று ஏறியதும் ஷட்டரைத் தட்டிவிடும் சின்னப் பெட்டி அது. முதல் வீச்சைப் பார்த்து அது சொல்லி, கேமரா விழித்து ஷட்டர் திறப்பதற்குள் அந்த முதல் வீச்சு முடிந்திருக்கும். பிறகு எப்படிப் படம் விழுகிறது? ஒரு மின்னல் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரே பாதையில் மூன்று நான்கு முறை அடுத்தடுத்துப் பாய்வது, நடுவில் சுமார் 50 மில்லி செகண்ட் இடைவெளி. கண்ணுக்கு மின்னல் துடிப்பது போலத் தெரிவது அதனால்தான். ட்ரிகர் பிடிப்பது இரண்டாவது, மூன்றாவது பாய்ச்சலை. ஒரே வீச்சில் முடிந்துபோகும் மின்னல் அதற்குச் சிக்காது. உங்கள் கேமரா ஷட்டர் திறக்க எவ்வளவு தாமதிக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம், ட்ரிகர் விற்பவரிடம் உங்கள் மாடலைச் சொல்லிக் கேளுங்கள். ஃபோகஸைக் கையால் முன்பே வைத்துவிடுங்கள், ஆட்டோவில் விட்டால் அது தேடி முடிப்பதற்குள் எல்லாம் போய்விடும்.

இது பகலிலும் அந்தியிலும்தான் தேவை. இரவில் வேண்டவே வேண்டாம். எஃப்/8, ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 100 அல்லது 200, 15 முதல் 30 செகண்ட், கேமராவை அடுத்தடுத்துத் திறக்கவிட்டு நீங்கள் வேடிக்கை பார்க்கலாம். அதற்கு வேண்டியது பொத்தானை அழுத்திப் பூட்டிவைக்கும் சாதாரண ரிமோட், ட்ரிகரைவிட ரொம்ப மலிவு. லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனை (நீண்ட நேரப் படத்தில் வரும் புள்ளிகளைக் குறைக்கும் வசதி) மறக்காமல் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 30 செகண்ட் படத்துக்குப் பின்னால் கேமரா இன்னொரு 30 செகண்ட் சும்மா நிற்கும், நல்ல மின்னல் அப்போதுதான் வரும். ஒலிம்பஸ், ஓஎம் சிஸ்டம் கேமரா ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு லைவ் காம்போசிட் என்ற வசதி இருக்கிறது, புதிதாக வரும் வெளிச்சத்தை மட்டும் படத்தில் சேர்த்துக்கொண்டே போகும், அவர்களுக்கு இரவு மின்னலுக்கு வேறு எதுவுமே தேவையில்லை.

எலக்ட்ரானிக் ஷட்டரில் மின்னல் எடுக்காதீர்கள். சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் படத்தில் ஒரு பட்டை மட்டும் வெளுத்து, மீதி இருட்டாக வந்து நிற்கும்.

கேட்காததையும் சொல்கிறேன், இதைச் சொல்லாமல் ட்ரிகர் வாங்கச் சொல்வது சரியில்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 செகண்டுக்குக் குறைவாக இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, வெட்டவெளியில் ட்ரைபாட் பக்கத்தில் நிற்காதீர்கள். கட்டடத்துக்குள்ளோ, ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உலோகக் கூரையுள்ள காருக்குள்ளோ போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வரவேண்டாம். வயர்லெஸ் ரிமோட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் காசு போகலாம் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகப் போகட்டும்.

கேள்வி: "வெதர் சீல்ட், மழையில் தைரியமாக எடுக்கலாம்" என்று சொல்லி விற்றார்கள். ஒரு மழையிலேயே உள்ளே தண்ணீர் போய்விட்டது. சர்வீஸில் வாரண்டி கிடையாது என்கிறார்கள். இது நியாயமா?

உங்கள் கோபம் புரிகிறது. வெதர் சீல்ட் என்ற சொல்லுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு எதுவும் இல்லை. தண்ணீர், தூசிக்கு இவ்வளவு தாங்கும் என்று சோதித்துச் சொல்வது ஐபி எண். கேமராக்களில் அதைப் போடுபவை மிகச் சில, ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-1 கேமரா ஐபி53 என்று வருகிறது, அதுவும் அதற்கேற்ற லென்ஸ் மாட்டினால்தான். மற்றவை "தூசி, ஈரம் தாங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது" என்று எழுதி, கீழே சின்ன எழுத்தில் முழுப் பாதுகாப்புக்கு உறுதி தர முடியாது என்று சேர்த்திருக்கும். தண்ணீரால் வரும் சேதம் பெரும்பாலான வாரண்டிகளில் சேராது.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது: "மழையில் எடுக்கலாம்" என்று விளம்பரத்திலோ, விற்பனைப் பக்கத்திலோ, மெசேஜிலோ எழுத்தில் இருந்தால் அதைச் சேமித்துவைத்து, விற்றவரிடம் எழுத்து மூலமாகவே புகார் கொடுங்கள். உற்பத்தியாளரின் வாரண்டி வேறு, விற்றவர் கொடுத்த வாக்கு வேறு, இரண்டையும் தனித்தனியாகக் கேட்கலாம். வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால் கஷ்டம்தான். தண்ணீர் லென்ஸ் மவுண்ட் வழியாகப் போனதா என்று சர்வீஸ் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். லென்ஸின் அடியில், உலோக வளையத்தைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் இருக்க வேண்டும். கேமராவோடு கட்டி விற்ற லென்ஸில் அது இல்லையென்றால், அந்த ஜோடியை மழைக்கு ஏற்றது என்று சொல்லி விற்றதே தவறு என்று வாதிட இடம் இருக்கிறது.

இனிமேலுக்கு ஒரு மழை உறை வாங்கிவிடுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து புழுக்கமான வெளிக்கு வந்தால் கேமராவைப் பையோடு மூடியே கொஞ்ச நேரம் வையுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த கேமராவில் ஆவி படியும், அந்த ஆவியும் தண்ணீர்தான்.

கேள்வி: ட்ரைபாட் கார்பனா, அலுமினியமா?

நடந்து மலை ஏறுவீர்கள் என்றால் கார்பன், காரிலிருந்து இறங்கி எடுப்பீர்கள் என்றால் அலுமினியம். பெட்டியில் போட்டிருக்கும் தாங்கும் எடையை நம்பாதீர்கள், அதைக் கணக்கிட எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான முறை இல்லை. காற்றில் நிற்பதுதான் சோதனை. நடுத்தண்டைத் தூக்காமலே கண் உயரத்துக்குப் பக்கத்தில் வருகிறதா என்று கடையிலேயே நிறுத்திப் பார்த்து, தலைப்பகுதியைக் கையால் முறுக்கிப் பாருங்கள், கால்கள் நெளிந்தால் அடுத்ததைப் பாருங்கள். கீழே கொக்கி இருந்தால் நல்லது. பையை மாட்டும்போது அது தரையைத் தொட்டபடி இருக்கட்டும், அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊசலாடிக் கேமராவையும் சேர்த்து ஆட்டும்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஓர் அகல லென்ஸ் வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

அபர்ச்சரை முழுக்கத் திறந்து, இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி பொடிப்பொடியாகத் தெரியும், அது பரவாயில்லை. பூஞ்சை என்றால் ஒரு புள்ளியிலிருந்து சிலந்தி நூல் மாதிரி கிளை பிரிந்து ஓடும். அதை வாங்காதீர்கள், சூரியனை நோக்கி எடுக்கும் லென்ஸில் அந்த மெல்லிய நூலே படம் முழுக்கப் புகை மூட்டிவிடும். அடுத்து ஏதாவது ஒரு பிரகாசமான விளக்கை ஃப்ரேமின் ஓரத்தில் வைத்து ஒரு படம், எஃப்/8-இல் வெறும் வானத்தை ஒரு படம், தூரத்து அடிவானத்தை ஃப்ரேமின் மேல் ஓரமாக வைத்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்றாவது படத்தில் ஒரு பக்கம் கூர்மையாகவும் இன்னொரு பக்கம் கலங்கலாகவும் இருந்தால் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்க வாய்ப்புண்டு, விற்பவர் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.