அப்பா பொய் சொல்லவில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 54 வயது. இருபது வருஷமாகத் தினமும் குடிக்கிறார். இரண்டு மாதமாகச் சோற்றைத் தொடுவதே இல்லை. இப்போது குடிக்காத நேரத்திலும் காலை அகட்டி வைத்துத் தள்ளாடுகிறார். வீட்டை விட்டே போகாதவர், 'நேற்று மதுரைக்குப் போய்ச் சித்தப்பாவைப் பார்த்தேன்' என்கிறார். வாய் கூசாமல் பொய் சொல்கிறார் என்று அம்மா சண்டை போடுகிறார். என்ன செய்வது டாக்டர்?
- ஒரு மகள், திண்டுக்கல்

பதில்: மகளே, இன்றைக்கே அப்பாவை அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மீதியை வண்டியில் போகும்போது படித்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்குக் குறைந்திருப்பது தயமின், அதாவது வைட்டமின் பி1 என்று சந்தேகப்படுகிறேன். உடம்பில் இதன் இருப்பே சுமார் 30 மில்லிகிராம்தான். உணவில் வராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. பி1 இல்லாமல் மூளையால் சர்க்கரையைச் சக்தியாக மாற்ற முடியாது. கண் அசைவு, நடை, தெளிவு மூன்றும் கெடும் என்று 1881-லேயே ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கி எழுதினார். ஆனால் மூன்றும் சேர்ந்து வருபவர்கள் குறைவு. கண் நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள்.

வழியில் ஏதாவது கிளினிக்கில் 'தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பி1 இல்லாமல் குளுக்கோஸ் ஏறினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி நிலைமை மோசமாகலாம். பி1 ஊசி முதலில், அல்லது கூடவே. இந்த நிலையில் மாத்திரை போதாது, நரம்பு வழியாகத்தான் போட வேண்டும். எவ்வளவு குடிப்பார், எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதால்தான் பல வீடுகளில் இந்த ஊசி தாமதமாகிறது.

சரி, மதுரைப் பயணம். என் வார்டில் ஒருவர் இருந்தார். வெறுங்கையை விரித்துப் பிடித்து, 'இந்த நூல் என்ன நிறம்?' என்று கேட்டேன். உற்றுப் பார்த்து, 'சிவப்பு' என்றார். அவர் என்னை ஏமாற்றவில்லை. புது ஞாபகம் தங்காதபோது, அந்த ஓட்டையை மூளை தானாகக் கதை வைத்து அடைக்கிறது. ரஷ்ய மருத்துவர் கோர்சகோவ் விவரித்த நோய் இது. இதுவும் பி1 குறைவால் வருவதுதான். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அப்பா தான் மதுரைக்குப் போனதாகவே நம்புகிறார். அவரோடு வாதாடினால் குழப்பம்தான் கூடும்.

இன்னொன்று: குடியை வீட்டில் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் மருந்து கொடுத்து நிறுத்துவார்கள்.

ஊசி நேரத்துக்குப் போட்டால் கண் கோளாறு சில நாட்களில் சரியாகும். நடை தேற மாதங்கள் ஆகலாம். ஞாபகம் சிலருக்கு நன்றாகத் திரும்பும், சிலருக்குப் பாதி, சிலருக்குத் திரும்புவதே இல்லை. குடியை விட்டால்தான் எந்த முன்னேற்றமும் நிலைக்கும். அதற்கு மது மீட்பு உதவி எண் 14446, இலவசம். உங்களுக்கோ அம்மாவுக்கோ மனம் விட்டுப் பேச வேண்டியிருந்தால் 14416.