இலக்கு வைத்துப் பாதியில் விட்டுவிடுவது மன உறுதி இல்லாததாலா?

"எந்த இலக்கு வைத்தாலும் ரெண்டு வாரத்தில் விட்டுவிடுகிறேன், எனக்கு மன உறுதியே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ "நீ எதைத்தான் முடித்திருக்கிறாய்" என்று சொல்லியிருப்பார்கள் போல. என்னிடமும் இதையே சொன்னார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மூன்று வருடம் முன்பு, தினமும் ஒரு படம் வரைவது என்று முடிவெடுத்தேன். உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தேன். கைதட்டல், பூங்கொத்து, "நம்ம வீட்டு ஓவியர்" என்று பெரியப்பா. ஒரு கோடு கூடப் போடாமலே அன்றிரவு ஓவியனாகத் தூங்கினேன். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 2009-ல் இதைத்தான் சோதித்துக் காட்டினார்: 'நான் இன்னார் ஆகப்போகிறேன்' என்பது அடுத்தவர் காதில் விழுந்தாலே பாதி ஆகிவிட்ட மாதிரி தோன்றி உழைப்பு குறைகிறது. (வெளியே சொன்னதால் ஜெயித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். உங்களுக்கு நடந்தால் சந்தோஷம்.)

பதினேழு நாள் வரைந்தேன். பதினெட்டாம் நாள் காய்ச்சல். பத்தொன்பதாம் நாள் உடம்பு தேறிவிட்டது, ஆனால் 'கணக்கு விட்டுப்போச்சு, ஒன்றாம் தேதி புதுசாக ஆரம்பிப்போம்' என்று படுத்துவிட்டேன். அந்த ஒன்றாம் தேதி வர ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை எந்த விசேஷத்துக்குப் போனாலும் மச்சான், "படமெல்லாம் எப்படிப் போகுது?" என்பார், எல்லார் முன்னாலும். காய்ச்சல் என்னைக் கெடுக்கவில்லை. கெடுத்தது அந்தப் பத்தொன்பதாம் நாள்.

21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், நடுவாந்தரமாக 66 நாள் என்று வந்தது; ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லையாம். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

இலக்கு என்றதும் எரிச்சலாக வரும் இன்னொன்று, ஆபீஸில் வருடா வருடம் நிரப்பும் படிவம். மேலே யாரோ முடிவு செய்த எண்ணை 'என் இலக்கு' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கேள்வி கேட்டால் ஈடுபாடு போதாது என்பார்கள். சரி, அது வேறு கதை.

இரண்டாம் தடவை யாரிடமும் மூச்சு விடவில்லை. கோல்விட்சரே சொன்ன 'இது நடந்தால் இதைச் செய்வேன்' முறைப்படி ரெண்டே வரி எழுதினேன்: ராத்திரி பல் துலக்கியதும் மேசையில் உட்கார்ந்து கண்ணில் படும் ஒரு பொருளை வரைவேன். ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் ஒரு கோடாவது போடுவேன். முதல் வரியை விட இரண்டாவதுதான் காப்பாற்றியது. சோம்பேறிக்குச் சாக்கு என்பீர்கள், இருக்கட்டும்.

நோட்டில் இப்போது 211-ஆம் பக்கம். நடுவில் 19 பக்கம் தேதி மட்டும் போட்டுக் காலியாக இருக்கிறது. மச்சானுக்கு இன்னும் தெரியாது.