படியேறும்போது என்னைவிட அப்பாவுக்குத் துடிப்பு குறைவாகவே ஏறுகிறது. அவருடைய இதயம் வலுவானதா?

படியேறினால் 30 வயதான உங்களுக்கு நாடி 150ஐத் தொடுகிறது, 70 வயதான அப்பாவுக்கோ 115ஐத் தாண்டுவதில்லை, ஓய்வில் இருவருக்கும் 72 என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்களை வைத்து அவருடைய இதயம் வலுவானது என்று முடிவு கட்டாதீர்கள். உடலியங்கியல் கற்பிப்பவன் நான். இந்தத் தவறான நிம்மதி சில வீடுகளில் ஆபத்தில் முடிகிறது என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

ஓய்வுத் துடிப்பு ஒன்றாக இருப்பதே பலரை ஏமாற்றிவிடுகிறது. இளம் வயதில் இதயத்தின் சொந்த வேகம் அதிகம். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதற்குப் பிரேக் போட்டு 70 அளவில் வைத்திருக்கிறது. 1970இல் ஜோஸ், காலிசன் என்ற இரு ஆய்வாளர்கள் புரோப்ரனலால், அட்ரோபின் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, நரம்புகளின் பிடியை நீக்கி அந்தச் சொந்த வேகத்தை அளந்தார்கள். அவர்கள் கண்ட கணக்கு: 118.1லிருந்து வயதின் 0.57 மடங்கைக் கழிக்க வேண்டும். 20 வயதில் சுமார் 107, 70 வயதில் சுமார் 78. வயதாக ஆக வேகமும் குறைகிறது, பிரேக்கும் தளர்கிறது. அதனால் ஓய்வில் வித்தியாசம் தெரிவதில்லை. உடலுக்கு நெருக்கடி வரும்போதுதான் தெரிகிறது.

படியேறும்போது முதியவரின் இரத்தத்தில் இதயத்தை விரைவுபடுத்தும் நார் அட்ரினலின் குறைவதில்லை, பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். அந்தச் செய்தியைக் கேட்டு இதயத்தை வேகமெடுக்கச் செய்ய வேண்டிய பீட்டா ஏற்பிகள்தான் மந்தமாகிவிடுகின்றன. துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவிலும் செல்கள் குறைந்து நார்த்திசு கூடுகிறது. உச்சத் துடிப்புக்கு 208லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது ஒரு பொது மதிப்பீடு: உங்களுக்கு 187, அவருக்கு 159. எவ்வளவு பயிற்சி செய்தாலும் இந்தச் சரிவு நிற்பதில்லை. ஆரோக்கியமான முதிய இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக இரத்தத்தை நிரப்பிக்கொண்டு ஓரளவு ஈடுகட்டுகிறது. எனக்கு வியப்பூட்டும் தகவமைப்பு இது.

எழுந்து நிற்கும்போதும் இதே கதைதான். இளையவருக்கு நாடி உடனே எகிறி இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். முதியவருக்கு அந்த அனிச்சைச் செயல் மந்தம். நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் (இரத்த அழுத்த அளவின் முதல் எண்) 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துவது காய்ச்சலும் நீரிழப்பும்தான். இளைஞருக்கு 130 போகும் நிலையில் 75 வயதுக்காரருக்கு 95தான் காட்டலாம். அந்தப் பீட்டா ஏற்பிகளைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கு அதுவும் ஏறாது. 'நாடி சரியாகத்தானே இருக்கிறது' என்று காத்திருக்காதீர்கள். மூச்சு வேகம், சிறுநீர் குறைவு, திடீர்க் குழப்பம், எழ முடியாத சோர்வு ஆகியவற்றைக் கவனியுங்கள்.

அப்பா முன்பு எளிதாக ஏறிய படிகளில் இப்போது மூச்சு வாங்கினாலோ தலை சுற்றினாலோ, 115 என்ற எண் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாடி சீரில்லாமல் துடித்தால் ஈ.சி.ஜி. எடுக்கத் தாமதிக்க வேண்டாம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வயதோடு கூடுகிறது, பக்கவாதத்துக்கும் வழிவகுக்கிறது.